இது எந்த மாசத்துக் கடல்? – மணலுக்குக் கணக்குப் பார்த்த கதை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரம் வாசியுங்கள். விஞ்ஞானப் பாடம் எடுக்கும் பழக்கத்தில் எழுதுகிறோம். வகுப்பறை வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தோம். கரையோர மணல் பற்றிய கூட்டம். திரையில் ஒரு படம் ஓடியது. நீல நிறத்தில் கடல், அதற்குள் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள். புள்ளிகள் கலங்கின, நகர்ந்தன, பிறகு ஒரு கோட்டுக்குள்ளேயே படிந்து நின்றன. "இது கணினி மாதிரி. கலங்குகிற மணல் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும், கரைக்குப் பாதிப்பில்லை" என்று விளக்கம் சொன்னார்கள். எங்களில் பலருக்கும் என்ன கேட்பதென்று தெரியவில்லை. படம் அவ்வளவு அழகாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து கடல் தொழில் செய்யும் மூத்தவர் ஒருவர் எழும்பினார். "தம்பி, நல்ல படம். ஒண்டு கேக்கட்டா? இது எந்த மாசத்துக் கடல்?"

"ஐயா, இது வருடத்துக்கான சராசரி" என்று பதில் வந்தது.

"சராசரிக் கடல்ல நான் ஒருநாளும் வலை போட்டதில்ல தம்பி" என்றார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வீடு வந்த பிறகும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அந்தப் படத்துக்குள் என்ன இருக்கிறது? தண்ணீருக்குள் கிடக்கும் கோடிக்கணக்கான மணிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போட மனிதன் எப்போது பழகினான்? அந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? தேடி வாசித்ததையும், பிள்ளைகளோடு வாளியில் செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

🔹 மணலோடு வாழ்ந்த ஊர்

மன்னார் ஆட்களுக்கு மணல் நகரும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்துக்குக் கிடக்கும் மணல்திட்டுகளை ஆதாம் பாலம் என்கிறோம், இராமர் பாலம் என்கிறோம். போர்க்காலத்தில் படகில் தப்பிப்போன எங்கள் மாவட்டத்துத் தமிழ்ச் சனம் குழந்தை குட்டிகளோடு இறக்கிவிடப்பட்டுத் தவித்தது அந்தத் திட்டுகளில்தான். சோழகத்தில் தென்பக்கத்தால் அலை அடிக்கும், வாடையில் வடபக்கத்தால் அடிக்கும். ஒரு காலம் கொண்டுவந்து போட்ட மணலை மற்றக் காலம் அள்ளிக்கொண்டு போகும்.

பெருநிலத்துப் பக்கம் அரிப்புக்குப் போனால், ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801 தொடக்கம் 1804 வரையான காலத்தில் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு நிற்கிறது. அல்லிராணிக் கோட்டை என்று ஊரில் சொல்லும் அதே கட்டடம்தான். முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காகக் கட்டியது. இன்று அதன் காலடி மண்ணைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது.

அந்த முத்துக்குளிப்பின் கதையிலும் மணல் இருக்கிறது. சலாபக் காலத்தில் காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து மூச்சடக்கி மூழ்கியவர்களில் எங்கள் மார்க்கத்துச் சகோதரர்கள் நிறையப் பேர். ஆனால் சலாபம் ஒரு வருடம் கொழிக்கும், அடுத்த பத்து வருடம் ஒன்றுமே இராது. ஏன் என்று கண்டுபிடிக்க ஆங்கில அரசு லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை அழைத்தது. அவர் 1902 தொடக்கத்தில் இங்கே வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹோர்னெல். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அறிக்கை வெளிவந்தது.

சிப்பி விளையும் கடலடித் தரையைப் 'பார்' என்பார்கள். 'பெரிய பார்' என்ற இடத்தில் குஞ்சுச் சிப்பி திரும்பத் திரும்ப ஏராளமாகப் பிடிக்கும். ஆனால் முத்து விளையும் வயதுக்கு முன் காணாமல் போய்விடும். திருட்டு என்றார்கள், மீன் தின்றது என்றார்கள். ஹேர்ட்மன் சொன்ன முக்கியக் காரணம் வேறு. தென்மேல் பருவக்காற்றின் அலை கடலடி மணலைக் கிளப்பி நகர்த்துகிறது, அந்த மணலுக்கு அடியில் குஞ்சுகள் புதைந்து சாகின்றன. கல்லும் ஓடும் போட்டுக் குஞ்சு பிடிக்க இடம் செய்யுங்கள், ஆபத்தான பாரிலிருந்து நல்ல பாருக்கு மாற்றி வையுங்கள் என்பது அவர் ஆலோசனை.

ஆனால் பணக்கணக்கு முந்திக்கொண்டது. 1905இல் மிகப் பெரிய சலாபம் நடந்தது. அந்த உற்சாகத்தில் 1906இல் ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்கு எல்லாப் பாரும் போயின. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். 1907க்குப் பிறகு பல வருடம் சிப்பியே கிடைக்கவில்லை. கம்பனி மூடுவிழாக் கண்டது. மணலையும் அலையையும் கணக்கில் எடுக்காமல் போட்ட வரவு செலவு அப்படித்தான் முடிந்தது.

ஹேர்ட்மன் மணல்தான் காரணம் என்று சொன்னாரே தவிர, எந்தக் காற்றுக்கு எவ்வளவு மணல் எங்கே போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அவரிடம் அதற்கு வழி இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதுதான் இனி வரும் கதை.

🔹 ஒரு மணிக்குக் கணக்கு

உயர்தரப் பௌதிகவியல் படித்த பிள்ளைகளுக்கு ஸ்டோக்ஸ் விதி ஞாபகம் இருக்கும். ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அயர்லாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர். 1851இல் வெளியான அவரது கட்டுரை உண்மையில் கடிகார ஊசலைப் பற்றியது. ஊசற்குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கப்போய், பாயியில் ஒரு சிறு உருண்டை என்ன வேகத்தில் விழும் என்ற விதி கிடைத்தது. விட்டம் பாதியானால் விழும் வேகம் காற்பங்காகும்.

இதை நம் கடலுக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீற்றர் ஆழம். விட்டம் 0.2 மில்லிமீற்றர் உள்ள மணல் மணி மேலிருந்து கீழே சேர ஏழெட்டு நிமிடம் ஆகும். (இந்த அளவு மணிக்கு ஸ்டோக்ஸ் விதியை அப்படியே போட முடியாது, திருத்தம் வேண்டும்.) 0.01 மில்லிமீற்றர் உள்ள வண்டல் துகளுக்கு ஒரு நாளுக்கு மேல் வேண்டும். வினாடிக்கு 20 சென்ரிமீற்றர் வேகத்தில் நீரோட்டம் ஒரே திசையில் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த மணல் நூறு மீற்றருக்குள் படிந்துவிடும். அந்த வண்டல் கிட்டத்தட்ட 18 கிலோமீற்றர் போய்விடும்!

அதாவது, "கலங்குவது இங்கேயே படிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மணியின் அளவு என்ன? யார் அளந்தார்கள்?

விழுவதற்குக் கணக்கு வந்துவிட்டது. கிடக்கும் மணி எப்போது எழும்பும்? அதற்கு இன்னும் 85 வருடம் போனது. 1936இல் ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் பெர்லினில் செய்த பட்ட ஆய்வில் ஒரு தொட்டியில் தண்ணீர் ஓட்டி, எந்த இழுவிசையில் எந்த மணி நகரத் தொடங்குகிறது என்று அளந்தார். அவர் வரைந்த வளைகோட்டைக் கரையோரப் பொறியியலாளர்கள் இன்றும் பாவிக்கிறார்கள்.

🔹 பக்கத்து மணி வந்து இடிக்கும்போது

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், கடலில் எந்த மணியும் தனியாக இல்லை.

ஐன்ஸ்டைன் பெயரைக் கேட்டால் நமக்கு ஒளியும் காலமும்தான் ஞாபகம் வரும். ஆனால் அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு சீனித் தண்ணீர் பற்றியது. 1906இல் அச்சில் வந்தது. சிறு உருண்டைகள் கலந்தால் பாயியின் பிசுக்குமை எவ்வளவு கூடும் என்பது அதில் ஒரு கணக்கு. பிற்பாடு பரிசோதனை செய்து பார்த்தபோது எண் ஒத்துவரவில்லை. 1911இல் தன் கணக்கில் இருந்த பிழையைத் திருத்தி வெளியிட்டார்: கனவளவில் 1 சதவீதம் உருண்டை கலந்தால் பிசுக்குமை 2.5 சதவீதம் கூடும். ஐன்ஸ்டைனையும் அளவைதான் திருத்தியது, பிள்ளைகளே. அதோடு அவர் கணக்கு மணிகள் ஒன்றுக்கொன்று தூரத் தூர இருக்கும்போது மட்டுமே பொருந்தும்.

நெருங்கினால்? 1917இல் போலந்துக்காரரான ஸ்மொலுகோவ்ஸ்கி, பாயிக்குள் மிதக்கும் நுண்துகள்கள் எத்தனை தடவை மோதி ஒட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். இதை நாம் அருவியாற்று முகத்தில் கண்ணால் பார்க்கலாம். மாரியில் ஆறு கொண்டுவரும் களிமண் உப்புத் தண்ணீரைத் தொட்டதும் துகளோடு துகள் மோதி ஒட்டித் திரளாகிறது. திரண்டது வேகமாகப் படிகிறது. உப்பு இல்லாவிட்டால் அதே களி நாட்கணக்கில் மிதந்திருக்கும்.

1954இல் இரண்டு வேலைகள் நடந்தன. ரிச்சர்ட்சன், சாக்கி என்ற இருவர், மணிகள் கூட்டமாக விழும்போது தனி மணியை விட மெதுவாகவே விழும் என்பதை அளந்து விதியாக்கினார்கள். கீழே இறங்கும் கூட்டம் தண்ணீரை மேலே தள்ளுகிறது, மேலே வரும் தண்ணீர் மணியைத் தடுக்கிறது. பள்ளி விட்டதும் ஒரே வாசலால் எல்லோரும் இறங்குகிற மாதிரி.

மற்ற வேலை பாக்னொல்டுடையது. அவர் ஆங்கில இராணுவப் பொறியியலாளர்; லிபியப் பாலைவனத்தில் மோட்டார் வண்டியில் திரிந்து மணலைப் படித்த மனிதர். பாயியின் அடர்த்திக்குச் சமமான மெழுகு உருண்டைகளை இரண்டு உருளைகளுக்கு நடுவே போட்டுச் சுழற்றி அளந்தார். உருண்டைகள் ஐதாக இருந்தால் பாயியின் இழுவைதான் பெரிது. நெருக்கமாகி வேகமும் கூடினால் உருண்டைகளின் மோதல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றார். ஐம்பது வருடம் போல அதைப் பாடமாகவே படித்தார்கள். 2002இல் வேறு ஆய்வாளர்கள் அவருடைய கருவியையும் எண்களையும் மறுபடி ஆராய்ந்து, கருவியின் முனைச் சுவர்கள் அளவைக் குழப்பியிருக்கின்றன என்று காட்டினார்கள். மோதல் முக்கியம் என்ற கருத்து நிற்கிறது. எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது.

🔹 கணினி வந்தது

மோதுகிற மணிகளைக் கையால் கணக்கிட முடியாது. இரண்டு மணி என்றால் சரி. மூன்றாவது வந்து இடித்தால் முதல் கணக்கு மாறிவிடும். நூறு மணி என்றால் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதும் வருடக்கணக்கில் இருந்து போட்டாலும் முடியாது.

1957இல் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் பேர்னி ஆல்டர், ரொம் வெயின்ரைட் என்ற இருவர் அன்றைய கணினியில் சில பத்து உருண்டைகளை விட்டு மோதவைத்தார்கள். முறை எளிது. எந்த இரண்டு உருண்டை அடுத்ததாக மோதும் என்று கண்டுபிடி. அந்த நேரத்துக்குப் போ. மோதிய பின் வேகங்களை மாற்று. மறுபடி அடுத்த மோதலைத் தேடு. கரம் போர்டில் காய்கள் இடிபடுவதை ஒவ்வொரு இடியாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது போல. அங்கே தண்ணீர் இல்லை, மணலும் இல்லை; அவர்கள் நினைத்தது அணுக்களை. ஆனால் பாதை திறந்துவிட்டது.

மணலுக்கு அதைக் கொண்டுவந்தவர் பீற்றர் குண்டல். பாறை பெயர்வதைக் கணக்கிட 1970களின் தொடக்கத்தில் ஒரு முறையை உருவாக்கினார். 1979இல் ஒற்றோ ஸ்ட்ராக்கோடு சேர்ந்து மணிகளுக்கான வடிவத்தை வெளியிட்டார். இரண்டு மணி தொட்டால் நடுவில் ஒரு சுருள்வில் இருப்பதாக வை. கொஞ்சம் அமுங்கும், தள்ளிவிடும். கூடவே சக்தியை உறிஞ்ச ஒரு தடை, வழுக்காமல் இருக்க உராய்வு. இதை ஒவ்வொரு தொடுகைக்கும், வினாடியை இலட்சக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கிட வேண்டும்.

1993இல் ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் சுஜியும் அவரது குழுவினரும் இதோடு ஓடும் பாயியையும் இணைத்தார்கள். பாயி மணியைத் தள்ளும், மணி பாயியைத் தள்ளும், மணி மணியை இடிக்கும். மூன்றும் ஒரே கணக்கில்! அவர்கள் பார்த்தது தொழிற்சாலைத் தொட்டியில் காற்று ஊதிக் கிளப்பிய மணிகளை. 2001இல் ட்ரேக், கலன்ரோனி என்ற இருவர் அதே போன்ற முறையைக் கடற்கரை அலைக்கடியில் விரிப்பாக வழியும் மணலுக்குச் செய்து காட்டினார்கள். ஸ்டோக்ஸ் தொடங்கி 150 வருடம் கழித்துத்தான் கணக்கு நம் கரைக்கு வந்து சேர்ந்தது.

🔹 வாளியில் ஒரு பாடம்

பிள்ளைகளோடு நாங்கள் செய்த சின்னப் பரிசோதனை இது. நீங்களும் வீட்டில் செய்யலாம். இரண்டு கண்ணாடி மாபிளைக் கையில் வைத்து இடியுங்கள். 'டக்' என்று கேட்கும், விரலில் உதைப்புத் தெரியும். இப்போது தண்ணீர் வாளிக்குள் கையை விட்டு இடியுங்கள். சத்தம் அமுங்கும், உதைப்பும் குறையும். இரண்டும் தொடுவதற்கு முன் நடுவில் நிற்கும் தண்ணீர் பிதுங்கி வெளியேற வேண்டும். அந்த மெல்லிய தண்ணீர்ப் படலம் மெத்தை போல வேலை செய்கிறது.

2001இல் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருண்டையை ஊசல் போலத் தொங்கவிட்டுப் பாயிக்குள் சுவரில் மோதவைத்து இதை நுணுக்கமாக அளந்தார்கள். பெரிய, வேகமான உருண்டை துள்ளித் திரும்புகிறது. சிறியதும் மெதுவானதும் துள்ளவே இல்லை. மெத்தையிலேயே வேகம் செத்துவிடுகிறது. ஆகவே சரளைக்குப் போடும் மோதல் கணக்கை மென்மணலுக்கு அப்படியே போட முடியாது. எந்த மோதல் விதியைக் கணினிக்குக் கொடுத்தார்கள் என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான்.

அடுத்த பாடம் தேக்கரண்டியில். கால் மில்லிமீற்றர் மணல் ஒரு தேக்கரண்டி அள்ளினால் எத்தனை மணி இருக்கும்? கணக்குப் போட்டோம்: மூன்றரை இலட்சம் போல வருகிறது. ஒரு கன மீற்றரில் 7,000 கோடிக்கு மேல். ஆதாம் பாலம் முழுவதையும் மணி மணியாகக் கணக்கிடும் கணினி உலகத்தில் எங்கேயும் இல்லை.

அப்படியானால் கூட்டத்தில் காட்டிய படம் என்ன? அங்கே ஓடிய ஒவ்வொரு புள்ளியும் ஒரு மணி இல்லை. பல கிலோமீற்றர்க் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு, மண் எவ்வளவு என்று மட்டும் பார்க்கும் பெரிய மாதிரி அது. மோதல், நெருக்கம், மெத்தை எல்லாம் அதற்குள் ஒரு சில எண்களாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கும். அந்த எண்கள் ஷீல்ட்ஸின் தொட்டியிலிருந்தோ, சுஜி வழி வந்த சின்ன மாதிரிகளிலிருந்தோ வந்திருக்கும். நம் மணலை அளந்து எடுத்திருந்தால் நல்லது. வேறு நாட்டுக் கரைக்கு எடுத்த எண்ணை இங்கே போட்டிருந்தால், படம் அழகாகத்தான் ஓடும். பிழையாகவும் ஓடும்.

🔹 நம் கடலுக்கு வந்த கணக்குகள்

2005 ஜூலை 2ஆந் திகதி மதுரையில் சேது சமுத்திரத் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. 167 கிலோமீற்றர் நீளம், 300 மீற்றர் அகலம், 12 மீற்றர் ஆழத்தில் கப்பல் கால்வாய். ஆதாம் பாலத்தையும் பாக்கு நீரிணையின் ஒரு பகுதியையும் தோண்ட வேண்டும். எடுக்க வேண்டிய மண் 8 கோடி கன மீற்றருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். 2007இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆதாம் பாலத்தில் கைவைக்க இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில் வாதமெல்லாம் பாலத்தைக் கட்டியது யார் என்பதைச் சுற்றியே நடந்தது. அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் தோண்டிய மண் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் போகும், நம் கரையில் படியுமா, கடற்புல்லை மூடுமா, தோண்டிய குழியை வாடைக்காற்று ஒரே மாரியில் நிரப்பிவிடுமா என்ற கேள்விகளுக்கு அவ்வளவு சத்தம் கிடைக்கவில்லை. இக்கரையில் இருப்பவர்களுக்கு அதுதானே முதல் கேள்வி?

2025 மே 25இல் கேரளக் கரைக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் மூழ்கியது. ஜூன் மாதம் நம் கரையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. இவை தண்ணீரை விடப் பாரம் குறைந்தவை. ஒன்றோடொன்று மோதுவது இங்கே பெரிய விடயமில்லை. காற்றும் மேல் நீரோட்டமும் கொண்டுபோகும். இப்படிப்பட்ட மிதப்புக்குக் கணினி மாதிரி நல்ல உதவி செய்யும். எந்தக் கரைக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆட்களைத் தயாராக வைக்கலாம். கணினி மாதிரி என்றாலே ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

பிறகு, எல்லோரும் பேசும் கனிம மணல். மழைக்குப் பின் கரையில் கறுப்புப் பட்டை பட்டையாகத் தெரியுமே, அதில்தான் இல்மனைற்று போன்ற கனிமங்கள் இருக்கின்றன. புல்மோட்டையில் பல பத்தாண்டுகளாக எடுக்கிறார்கள். மன்னார்த் தீவிலும் துளையிட்டுப் பார்த்தார்கள். 2025இல் காற்றாலையையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து நகரத்தில் நாட்கணக்காகச் சனம் வீதியில் இருந்தது.

கறுப்புப் பட்டை எப்படி உருவாகிறது? சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு. இல்மனைற்று 4.7 மடங்கு போல. தண்ணீருக்குள் பார்த்தால் அதே அளவு மணியின் நிறை இரண்டு மடங்குக்கும் மேல். அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போகும், பாரமானது தங்கும். கடலே ஆயிரக்கணக்கான வருடமாகச் சுளகில் போட்டுப் புடைத்து வைத்தது அது. பாரமான மணியைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொட்டினால், உயரம் பழைய உயரமாக இருக்கலாம். ஆனால் அது பழைய மணல் இல்லை. அலைக்கும் காற்றுக்கும் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதை மாதிரியில் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

🔹 நாம் இல்லாத வருடங்கள்

இதை எழுதும்போது மனதில் ஒரு பாரம் இருக்கிறது. எந்த மாதிரிக்கும் பழைய கரை எங்கே இருந்தது என்ற தரவு வேண்டும். 1990 ஒக்டோபர் கடைசியில் நாங்கள், வடக்கின் முஸ்லிம்கள், ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். மன்னார்த் தீவுச் சனம் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் போய் இறங்கியது. நம் தமிழ் உறவுகள் இடம்பெயர்ந்தும், அகதியாக அக்கரைக்குப் போயும், கடலுக்குப் போகத் தடைபட்டும் இருந்தார்கள். பலருக்கு ஊர் திரும்ப இருபது வருடம் எடுத்தது. பலர் திரும்பவே இல்லை.

ஒவ்வொரு சோழகத்துக்கும் ஒவ்வொரு வாடைக்கும் கரை எங்கே நின்றது, எந்தத் திட்டு வளர்ந்தது, எது கரைந்தது என்று பார்த்துச் சொல்லும் கண்கள் அந்தக் காலத்தில் கரையில் குறைவு. விண்ணிலிருந்து எடுத்த படங்கள் கொஞ்சம் சொல்லும். ஆனால் கடலடியில் கால் வைத்து, வலை இழுபடும் விதத்தை வைத்து மணலை அறிந்த ஆட்களின் ஞாபகத்தில் அந்த இருபது வருடம் ஓட்டை. அந்த ஓட்டையை யாரோ ஒருவர் 'சராசரி'யால் நிரப்பினால், மறுக்க நம்மிடம் கையில் ஒன்றும் இல்லை.

அதனால் இனியாவது எழுதி வைப்போம். நம் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். கரையில் அசையாத ஒரு அடையாளத்திலிருந்து அலை எட்டும் கோடு வரை, மாதம் ஒருமுறை, ஒரே நேரக் கணக்கில் அளவு நாடாவால் அளந்து கொப்பியில் திகதியோடு எழுதுகிறோம். ஒரு போத்தல் மணலும் எடுத்து, பெயரும் திகதியும் ஒட்டி வைக்கிறோம். செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. பத்து வருடத்தில் அது ஒரு சாட்சி. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று ஒவ்வொரு ஊரிலும், பள்ளிவாசலோ கோவிலோ பங்கோ, யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்தால் நன்மை.

அடுத்த முறை திரையில் படம் ஓடும்போது கேட்க ஐந்து கேள்விகள். படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. மணியின் அளவும் அடர்த்தியும் என்ன? நம் கரையில் அளந்ததா?
2. எந்த மாதக் காற்றும் அலையும் போட்டீர்கள்? சோழகம், வாடை இரண்டும் தனித்தனியாக ஓட்டினீர்களா? புயல் நாள் ஒன்று இருக்கிறதா?
3. மணிகள் நெருங்குவதும் மோதுவதும் கணக்கில் எப்படி வருகிறது? அந்த எண் எங்கிருந்து எடுத்தது?
4. மாதிரி சொன்னதை உண்மையாக அளந்த ஒன்றோடு ஒப்பிட்டீர்களா? எவ்வளவு பிழைத்தது?
5. பிழைத்தால் யார் பொறுப்பு?

முதல் நான்கு கேள்விக்கும் பதில் சொல்லக்கூடியவர் நேர்மையாக வேலை செய்தவராக இருப்பார்; அவரோடு உட்கார்ந்து பேசலாம். கேள்வியே பிடிக்காதவர் என்றால் யோசிக்க வேண்டும். கணக்குத் தெரியாத சனம் என்று நம்மை யாரும் நினைக்க விடாதீர்கள். அந்த மூத்தவர் கேட்டது இரண்டாவது கேள்வி. அவருக்கு ஸ்டோக்ஸையும் தெரியாது, குண்டலையும் தெரியாது. கடலைத் தெரியும்.

பிழை இருந்தால் கீழே திருத்துங்கள், நன்றியோடு ஏற்போம். கடல் தொழில் செய்கிற வாப்பாமார், காக்காமார், அண்ணன்மார், எந்த வருடம் எந்தத் திட்டு எப்படி இருந்தது என்று ஞாபகம் உள்ளதை எழுதுங்கள். எழுத நேரமில்லாவிட்டால் குரலில் பதிந்து அனுப்புங்கள். பிள்ளைகள் கேட்டு எழுதி வைப்பார்கள்.

துஆக்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.